குழந்தை காசு போட்ட கார் செட்டை வீட்டிலேயே கழற்றிச் சரிசெய்வது எப்படி?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பால் வாங்க வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். பாட்டு ஓடட்டும் என்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனது என் தப்பு. பின் சீட்டில் என் அம்மாவோடு இருந்த நாலரை வயது மகள் முன்னால் தாவி வந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது பாட்டு நின்றுபோய், செட்டுக்குள்ளிருந்து ‘கிர்ர்... டக், கிர்ர்... டக்’ என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“என்னம்மா பண்ணின?”

“சாமிக்குக் காசு போட்டேன்பா. ஆயா குடுத்த காசு.”

சிடி நுழைக்கிற வாயைப் பார்த்தால் உண்டியல் வாய் மாதிரிதான் இருக்கிறது. அரை மணி நேரம் முன்னால்தான் சன்னதி சன்னதியாக அவளைத் தூக்கிக் காசு போட வைத்திருந்தேன். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஒரு கடையில் கேட்டேன். பிரித்துப் பார்க்காமலே “செட்டையே மாத்திடுங்க சார்” என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தரையில் உட்கார்ந்து நானே பிரித்தேன். இன்றைக்கும் அதே செட் பாடிக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை முதலிலிருந்து கடைசி வரை, கை வைக்க வேண்டிய இடம், வைக்கக் கூடாத இடம் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிடம்

குழந்தை போட்ட காசால் கெட்டுப்போகிற செட்டுகள் குறைவு. அதற்கப்புறம் நாம் அவசரப்பட்டுச் செய்கிற காரியத்தால் கெட்டுப்போவதுதான் அதிகம். அதனால் முதலில் சாவியைத் திருப்பி எடுத்துவிடுங்கள். சிடியை வெளியே தள்ளும் எஜெக்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளே மோட்டார் சுற்றிக் காசை இன்னும் ஆழமாக இழுக்கும், சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பல்லும் உடையும். வேறு ஒரு சிடியை விட்டுத் தள்ளிப் பார்ப்பது, கத்தி முனையால் நோண்டுவது இரண்டும் வேண்டாம். அந்த வாய்க்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில்தான் சிடியைப் படிக்கும் லென்ஸ் இருக்கிறது.

அடுத்தது குழந்தையிடம் கேட்பது. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். உள்ளே என்ன போனது, எத்தனை போனது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். மிரட்டினால் “நான் ஒண்ணும் போடல” என்று சொல்லிவிடும், நமக்குத் தெரிய வேண்டியது தெரியாமலே போய்விடும். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு, “எத்தனை காசு போட்டே, எண்ணிக் காட்டு” என்றேன். விரலை மடக்கி மடக்கி ஏழு என்றாள். அம்மாவும் சுருக்குப் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு ஏழுதான் கொடுத்தேன் என்றார்: ஒரு ரூபாய் ஐந்து, இரண்டு ரூபாய் ஒன்று, மஞ்சள் ஐந்து ரூபாய் ஒன்று. இந்த எண்ணிக்கையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வருகிற காசு இதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு காசு குறைந்தால் அது இன்னும் செட்டுக்குள் இருக்கலாம், சீட்டுக்கு அடியில் கிடக்கலாம், குழந்தையின் வயிற்றிலும் இருக்கலாம்.

செட்டின் ரிமோட்டையும் அப்போதே தேடிப் பாருங்கள். வெளியில் வாங்கி மாட்டிய செட்டோடு வரும் மெல்லிய ரிமோட்டில் பெரும்பாலும் சி.ஆர். 2025 பட்டன் செல் இருக்கும். ரிமோட் திறந்து கிடந்து செல்லைக் காணவில்லை என்றால் செட்டை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பட்டன் செல் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வடசென்னையில் நம் பக்கத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது.

எடுத்து வைக்க வேண்டியவை

பத்தாம் நம்பர் ஸ்பேனர், நடுத்தரமும் சின்னதுமாக இரண்டு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், டேஷ்போர்டு பிளாஸ்டிக்கைக் கிளப்ப ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல், மாஸ்கிங் டேப், டார்ச், மல்டிமீட்டர், பல் குத்தும் குச்சி, காதுக்கு வைக்கும் பஞ்சுக் குச்சி, 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். நம்மிடம் இல்லாததை எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

ஸ்குரூ வைக்க வீட்டுக் குழிப்பணியாரக் கல்லை எடுத்துக்கொண்டேன். முதல் குழியில் முதலில் கழற்றியது, இரண்டாவதில் அடுத்தது என்று வரிசையாகப் போட்டு வந்தால், மாட்டும்போது பின்னாலிருந்து எடுத்துக்கொண்டே வரலாம். நீள ஸ்குரூவும் குட்டை ஸ்குரூவும் கலந்துபோய், குட்டைக்குரிய இடத்தில் நீளத்தைத் திருகினால் அது உள்ளே இருக்கும் போர்டைக் குத்தும். அதனால்தான் இந்த வரிசை.

பேட்டரி

நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் டேஷ்போர்டில் கை வைக்காதீர்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை: கம்பெனியிலிருந்தே வந்த சில செட்டுகள், கரண்ட் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். வண்டிப் புத்தகம் இருக்கும் பையில் அந்த எண் எழுதிய சின்ன அட்டை இருக்கிறதா பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் கண்டிப்பாகப் பாருங்கள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கதவுக் கண்ணாடி ஒன்று இறங்கியே இருக்கட்டும்.

கழற்றியதும் ஒரு பத்து நிமிடம் சும்மா இருங்கள். ஏர்பேக் இருக்கும் வண்டியில் மிச்சம் இருக்கும் மின்சாரம் வடியட்டும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் கப்ளரோ (வயர்களை இணைக்கும் சொருகி) மஞ்சள் உறை போட்ட வயரோ தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது, தொட வேண்டாம்.

செட்டை வெளியே எடுப்பது

இரண்டு வகை உண்டு. வெளியில் வாங்கி மாட்டிய ஒற்றை டின் செட், அதாவது 50 மில்லிமீட்டர் உயரம் உள்ளது, ஒரு தகரக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முன் வளையத்தைக் கழற்றி, செட்டோடு கொடுத்த இரண்டு தகடுச் சாவிகளை இரு பக்கமும் ‘டக்’ என்று பிடிக்கும் வரை செருகி இழுத்தால் வந்துவிடும். கம்பெனி செட்டுக்கும், 100 மில்லிமீட்டர் உயரமுள்ள இரட்டை டின்னுக்கும் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை முதலில் கிளப்ப வேண்டும். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, கீழ் மூலையில் ஆரம்பித்துக் கிளிப் ஒவ்வொன்றாக விடுவியுங்கள். வருஷக்கணக்காக வெயிலில் நின்ற வண்டியின் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். உள்ளே பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்குரூ. ஒரு கிளிப் வர மறுத்தால் பெரும்பாலும் இன்னொரு ஸ்குரூ எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

செட் பாதி வெளியே வந்ததும் நிறுத்திப் பின்பக்கத்தை இரண்டு மூன்று கோணத்தில் போனில் படம் எடுங்கள். அப்புறம் கப்ளரின் பூட்டை அழுத்தி எடுங்கள். ஏரியல் பின்னை வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து இழுங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடற்காற்று அடிக்கிற தெருவில் நிற்கும் வண்டி என்றால் கப்ளர் பின்களில் பச்சையாகப் பூத்திருக்கலாம். எனக்கு இரண்டு பின்னில் இருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷால் தேய்த்தேன்.

மூடியைத் திறந்து காசை எடுப்பது

மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் வைத்துப் பிரியுங்கள். சின்ன ஸ்பிரிங் தெறித்தால் வெள்ளையில் கண்ணுக்குத் தெரியும். மேல் மூடியில் இரண்டிலிருந்து ஆறு ஸ்குரூ இருக்கும்.

திறந்ததும் நடுவில் ஒரு தகரப் பெட்டி மாதிரி இருப்பதுதான் சிடி மெக்கானிசம். அது குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்காமல் இருக்க ஸ்பிரிங்கிலும் ரப்பரிலும் தொங்குகிறது. வாயை ஒட்டி ஒரு ரப்பர் உருளை. சிடியை இழுப்பதும் வெளியே தள்ளுவதும் அதுதான். அதற்குப் பின்னால் சிடியைச் சுற்றும் சின்னத் தட்டு, பக்கத்தில் தண்டவாளம் போன்ற கம்பியில் முன்னும் பின்னும் ஓடும் லென்ஸ் வண்டி.

எதையும் தொடுவதற்கு முன்னால் செட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, லேசாக ஆட்டுங்கள். தட்ட வேண்டாம். எனக்கு அப்படியே நான்கு காசு வேட்டியில் விழுந்தது. இரண்டு ரூபாய் மட்டும் உருளைக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் ஆப்பு அடித்த மாதிரி நின்றிருந்தது. குறடால் பிடித்து இழுத்தால் உருளையின் ரப்பர் கிழியும். உருளையின் ஓரத்தில் இருக்கும் பல்சக்கரத்தை விரல் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் திருப்பினேன். காசு தானாக வாய்ப் பக்கம் நகர்ந்து வந்தது. மஞ்சள் ஐந்து ரூபாய், மெக்கானிசத்துக்கும் கீழே போய் மெயின் போர்டின் மேல் படுத்திருந்தது. இதுதான் ஆபத்தான காசு. போர்டில் இரண்டு இடத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஷார்ட்.

கீழே போன காசை எடுக்க மெக்கானிசத்தையே தூக்க வேண்டிவரும். நான்கு ஸ்குரூதான். ஆனால் அதிலிருந்து போர்டுக்குக் காகிதம் மாதிரி ஒரு பட்டை வயர் போகும். அதன் சாக்கெட்டில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கியோ, வெளிப்பக்கமாக நகர்த்தியோ விட்டால் பட்டை தானாக வழுக்கி வரும். தாழ்ப்பாளைத் திறக்காமல் இழுத்தால் சாக்கெட் போய்விடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரமே கூடாது.

ஆக ஆறு காசு. ஏழாவதைக் காணோம்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. “கொழந்த முழுங்கியிருக்குமோ?” என்றார். எனக்கும் கை நடுங்கியது. மகள் நன்றாகச் சாப்பிட்டிருந்தாள், விளையாடிக்கொண்டிருந்தாள், வலி என்று சொல்லவில்லை. இன்னொரு முறை தேடுவோம், இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எச்சில் ஒழுகினாலோ, விழுங்க முடியவில்லை என்றாலோ, வாந்தி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ தேடிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும், கணக்கு உதைத்தால் எக்ஸ்ரேதான் மனதுக்கு நிம்மதி.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது லென்ஸ் வண்டியின் பக்கவாட்டில் ஒரு ரூபாய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. லென்ஸை அசைக்க அங்கே சின்னக் காந்தங்கள் இருக்கின்றன. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எஃகு. மஞ்சள் ஐந்து ரூபாய் ஒட்டாது. அதனால்தான் தலைகீழாக ஆட்டியும் அந்த ஒரு ரூபாய் விழவில்லை. அதை மேலே பிடுங்கி எடுக்கக் கூடாது, அந்த லென்ஸ் மயிரிழை போன்ற கம்பிகளில்தான் நிற்கிறது. பல் குத்தும் குச்சியால் காசைப் பக்கவாட்டில் தள்ளி, காந்தத்தை விட்டு நகர்த்தி எடுத்தேன். ஏழு! அம்மா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டார்.

இதே காரணத்துக்காகத்தான், காந்தத்தை நூலில் கட்டி வாய்க்குள் விட்டு எடுக்கிற யோசனையை நான் ஒப்புக்கொள்வதில்லை. காந்தம் லென்ஸோடு ஒட்டினால் கதை முடிந்தது. காசு வாயிலேயே கண்ணுக்குத் தெரிகிறது என்றால், ஐஸ் குச்சியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி இரண்டு முறை முயன்று பாருங்கள். மூன்றாவது முறை வேண்டாம்.

பெட்டி திறந்திருக்கும்போதே ரப்பர் உருளையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். லென்ஸை ஒரே ஒரு முறை, இறகால் தொடுவது போல. திறந்த நிலையில் கரண்ட் கொடுத்து லென்ஸை உற்றுப் பார்க்காதீர்கள். அந்த லேசர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

ஃபியூஸும் வயரும்

காசு ஷார்ட் செய்திருந்தால் முதலில் போவது செட்டின் முதுகில் இருக்கும் ஃபியூஸ். பெரும்பாலும் 10 ஆம்பியர் சிவப்பு அல்லது 15 ஆம்பியர் நீலம். வண்டியின் ஃபியூஸ் பாக்ஸிலும் செட்டுக்கென்று ஒன்று இருக்கும், இரண்டையும் பாருங்கள். அதே ஆம்பியரில்தான் புதிது போட வேண்டும். ஈயத்தாளைச் சுற்றிப் போடுவது, கம்பியை முறுக்கிப் போடுவது எல்லாம் வண்டி தீப்பிடிக்கிற வழி. பத்து இருபது ரூபாய் ஃபியூஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வெளியில் வாங்கிய செட்டுகளில் வயர் நிறம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கறுப்பு எர்த். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அதன் நெகட்டிவ். கம்பெனி வயரிங் வண்டிக்கு வண்டி மாறும், அங்கே நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

செட்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, செட் பக்கத்துக் கப்ளரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் தொடுங்கள். விடாமல் கத்தினால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. சத்தம் இல்லை, அல்லது ஒரு நொடி கத்தி நின்றுவிடுகிறது என்றால் பரவாயில்லை. புது ஃபியூஸும் போய்க்கொண்டே இருந்தால் செட்டின் கப்ளரைப் பிடுங்கிவிட்டு வண்டியில் மட்டும் ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். ஃபியூஸ் போகாமல் நின்றால் கோளாறு செட்டில், அப்போதும் போனால் வயரிங்கில்.

ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரும் எர்த்தும் ஒன்றுதானே என்று நினைத்து இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே எர்த்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயர் சிப் போய்விடலாம்.

ரோஸ் மில்க், பன்னீர் சோடா ஊற்றியிருந்தால்

காசை விட இது மோசம். தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரை காயாது. அது பிசுபிசுப்பாக நின்று போர்டை நாளுக்கு நாள் அரிக்கும். அன்றைக்கே பேட்டரியைக் கழற்றிச் செட்டை வெளியே எடுங்கள். காயட்டும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டுப் போட்டுப் பார்ப்பதில்தான் பல செட் செத்துப்போகிறது. மெக்கானிசத்தையும் டிஸ்ப்ளேயையும் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, போர்டை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கடையில் கேட்டால் கிடைக்கும், ஆசிட் வாங்கி வந்துவிடாமல் பாட்டிலைப் படித்துப் பாருங்கள். பிறகு ஆல்கஹாலும் பழைய மிருதுவான டூத் பிரஷும். ஆல்கஹால் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் உட்காராதீர்கள். நிழலில், மின்விசிறிக்கு அடியில் முழுதாக இரண்டு நாள். அரிசிப் பானையில் புதைப்பதால் சர்க்கரை வெளியே வராது.

யு.எஸ்.பி., திருகு, திரை

யு.எஸ்.பி. வாயில் சாக்லேட் தாள், ஹேர்பின் என்று எதையாவது திணித்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு மரக் குச்சியால் மட்டும் எடுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு முறிந்திருந்தால் போர்ட்டையே மாற்ற வேண்டும். நாலு பின் மட்டும் என்றால் எளிது, ஆனால் அதன் கூட்டின் கால்களும் போர்டில் பற்றவைத்திருக்கும், அதைக் கழற்ற நல்ல சூடும் பழகிய கையும் வேண்டும். சால்டரிங் முதல்முறை என்றால் இதில் ஆரம்பிக்காதீர்கள். ப்ளூடூத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வால்யூம் திருகைப் பிடுங்கியிருந்தால், உள்ளே தண்டு முறியாதவரை அப்படியே செருகிவிடலாம். தொடுதிரை விரிசல் விட்டிருந்தால் அதே மாடல் எண்ணுக்குரிய கண்ணாடி கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கம்பெனி செட்டோ, உடைந்த சட்டத்துக்கு மாற்றோ வாங்குவதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்னால் செட்டை அங்கேயே 12 வோல்ட் கொடுத்துப் பாடவிட்டுப் பாருங்கள். ரகசிய எண் கேட்கும் செட்டை எண் இல்லாமல் வாங்க வேண்டாம்.

மூடுவதற்கு முன்னால்

ஸ்குரூ எல்லாம் இறுக்கிச் சட்டத்தை அடித்து மூடிய பிறகுதான் ஏரியலைச் செருகவில்லை என்று தெரியும். அதனால் கப்ளர், ஏரியல் மட்டும் மாட்டி, செட்டைத் துணி மேல் வைத்தபடியே பேட்டரியைக் கொடுத்துப் பாருங்கள். எஃப்.எம். வருகிறதா, போனால் பரவாயில்லை என்ற ஒரு சிடியை இழுத்துப் பாடி வெளியே தள்ளுகிறதா, பேலன்ஸை நகர்த்தினால் நாலு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பாடுகிறதா. சாவியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஸ்டேஷன்கள் அப்படியே இருக்கின்றனவா. மறந்துவிடுகிறது என்றால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது. எல்லாம் சரி என்றால் மறுபடி பேட்டரியைக் கழற்றி, பணியாரக் கல்லின் கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்து மாட்டிக்கொண்டே வாருங்கள். வயரைப் பின்னால் மடக்கி விடும்போது செட்டின் சூடாகும் அலுமினிய முதுகில் படாமல் கீழே ஒதுக்குங்கள்.

பேட்டரி போய் வந்ததால் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். தானாக ஏறும் கண்ணாடி சில வண்டிகளில் மறந்துபோயிருக்கும். முழுதாக ஏற்றி, பட்டனைச் சில நொடி பிடித்திருந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

சிடி வாய்க்குக் குறுக்கே இப்போது ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். பாட்டு வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். கியருக்குப் பக்கத்தில் டம்ளர் வைக்கும் குழியில் மகளுக்கென்று மூடியில் கீறல் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஆயா கொடுக்கிற காசு இப்போது அதில் விழுகிறது.